குளியல் மண்டபமும் கணக்குப் புத்தகமும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் பழங்காலக் கட்டடங்களும்". வாத்திச்சியாக இருந்தவள், கோயில், கோட்டை, அரண்மனை என்று ஒரு மணி நேரம் பேசிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் குளியலறையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீங்க. இன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் கை தூக்கப்போகிற தீர்மானமே குளியலறை பற்றியதுதானே. குலசை தசராவுக்கு வருகிற பெண்கள் கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள, துணி மாற்ற, ஓர் இடத்தை நாமே கட்டி நாமே நடத்துவதா வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் மட்டும் பதில் தேடவேண்டியதில்லை. பல ஊர்க்காரர்கள் பல நூறு வருஷம் இதே தொழிலை நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

துருக்கி நாட்டிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் ஊருக்கு ஊர் பொதுக் குளியல் மண்டபம் இருந்தது. அதற்கு ஹமாம் என்று பேர். ஹமாம் சோப்பு என்று நாம் வாங்குகிறோமே, அந்தச் சொல்தான். வெளியே இருந்து பார்த்தால் பள்ளிவாசல் மாதிரி குவிமாடம் குவிமாடமாகத் தெரியும். உள்ளே முதலில் துணி மாற்றுகிற கூடம். அடுத்தது மிதமான சூடு உள்ள அறை. அதற்கும் உள்ளே நல்ல சூடான அறை. நடுவில் பெரிய பளிங்குத் திண்ணை. அதில் படுத்து வியர்க்க வியர்க்கக் கிடப்பார்கள். சுவரோரம் கல் தொட்டிகள், தொட்டிக்கு மேல் குழாய். நம்மைப் போலவே மொண்டு மொண்டுதான் ஊற்றுவார்கள். தேங்கின தண்ணீரில் இறங்கி முங்குவது அவர்களுக்கு அவ்வளவு பிடிக்காது. உடம்பில் பட்ட தண்ணீர் ஓடிவிட வேண்டும்.

இந்தச் சூடு எங்கே இருந்து வருகிறது? கட்டடத்துக்கு ஒரு பக்கம் பெரிய அடுப்பு. நம்ம விடிலியில் பதனீர் காய்ச்சுகிற அடுப்பைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர்க் கொப்பரை. அடுப்பின் அனலும் புகையும் வெளியே போய்விடாமல் தரைக்கு அடியில் புகும்படி செய்திருப்பார்கள். தரை, குட்டைக் குட்டைத் தூண்களின் மேல் நிற்கும். அடியில் வெற்றிடம். அனல் அதில் ஓடி, சுவருக்குள் பதித்த மண்குழாய் வழியாக மேலே ஏறிப் போகும். தரையும் சூடு, சுவரும் சூடு. ரோமாபுரிக்காரர்கள் கையாண்ட முறை இது, இவர்கள் எடுத்து வளர்த்தார்கள். இஸ்தான்புல் நகரத்தில் போக்கிடம் இல்லாத பிள்ளைகள் குளிர்காலத்தில் அந்த அடுப்படிச் சாம்பல் பக்கம் வந்து படுத்துக்கொள்வார்களாம்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. குளிக்கிற அறைக்குப் பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் முழுக்க மேலே இருந்துதான். குவிமாடத்தில் வட்ட வட்டமாக ஓட்டை விட்டு, அதில் தடித்த கண்ணாடி பதித்திருப்பார்கள். நம்ம ஓட்டு வீட்டில் அங்கங்கே கண்ணாடி ஓடு போடுவோமே, அதே சங்கதி. வாசலும் அப்படித்தான். தெருவில் நிற்கிறவன் எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியாது, வழி வளைந்து போகும். செல்போன் இல்லாத காலத்திலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு எவ்வளவு யோசனை வேண்டும் என்று நீங்களே சொல்லுங்க.

சில ஹமாமில் ஆணுக்கு ஒரு நேரம், பெண்ணுக்கு ஒரு நேரம். பெரிய ஹமாம் என்றால் நடுச்சுவர் வைத்து இரண்டு பக்கம், இரண்டு வாசல். பெண்கள் பக்கத்தில் முதுகு தேய்த்துவிடவும் தண்ணீர் ஊற்றவும் வேலைக்காரப் பெண்கள் உண்டு. அவர்களுக்கு நாத்தர் என்று பேர். நம்ம நாத்தனார் இல்லை! நாத்தனார் முதுகு தேய்த்துவிட்டால் ஊரில் பாதிச் சண்டை தீர்ந்திருக்குமே. கையில் சொரசொரப்பான துணி உறை மாட்டிக்கொண்டு தேய்ப்பார்கள், நாம் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்க்கிற மாதிரி. அந்த வேலைக்குக் கூலி உண்டு, இனாமும் உண்டு.

அங்கே போகிற பெண் கால் மணியில் குளித்துவிட்டுத் திரும்புவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, அரை நாள் இருந்துவிட்டு வருவாள். கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணைச் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் கூட்டிப்போய்க் குளிப்பாட்டுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் குளியலும் அங்கேதான். இந்த நாற்பதுக் கணக்கு நமக்கும் தெரிந்ததுதானே. பையனுக்குப் பெண் தேடுகிற தாய்மார் அங்கே வந்து கண்ணை ஓட்டுவதும் உண்டு. கடன், வியாதி, மருமகள் சங்கதி, எந்தக் கடையில் துணி மலிவு, எல்லாம் அங்கே பேசி முடியும்.

1717-ஆம் வருஷம் மேரி மாண்டேகு என்ற இங்கிலாந்துச் சீமாட்டி, தூதராகப் போன தன் புருஷனோடு அந்தப் பக்கம் போனார். சோபியா என்ற ஊரில் பெண்கள் குளிக்கும் ஹமாமுக்குள் போய்ப் பார்த்து, ஊருக்குக் கடிதம் எழுதினார். ஆண்களுக்குக் காபிக்கடை எப்படியோ அப்படிப் பெண்களுக்கு இந்த இடம் என்று அதில் சொல்லியிருக்கிறார். அவர் குளிக்க இறங்கவில்லை. "வாங்கம்மா, நீங்களும் குளிங்க" என்று அந்தப் பெண்கள் வற்புறுத்தினார்கள். அவர் சட்டையைக் கொஞ்சம் திறந்து, இடுப்பையும் மார்பையும் இறுக்கிக் கட்டியிருந்த கச்சைக் கூட்டைக் காட்டினார். பார்த்த பெண்கள், ஐயோ பாவம், இவளைப் புருஷன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறான், திறக்கும் சாவி அவனிடம்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்களாம்!

இதே மேரி அம்மாதான் பெரியம்மைக்குத் துருக்கியில் பாட்டிமார் செய்த வைத்தியத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர். அம்மைப் பாலை எடுத்துக் கையில் லேசாகக் கீறி வைப்பார்கள், கொஞ்சமாகப் போட்டு இறங்கிவிடும், அதற்குப் பிறகு பெரியதாக வராது. இந்த அம்மாவின் தம்பி பெரியம்மையில் செத்துப்போனவர். இவருக்கே 1715-இல் வந்து முகமெல்லாம் தழும்பு. அதனால் துணிந்தார். மகனுக்குத் துருக்கியிலேயே 1718-இல் போட்டார், மகளுக்கு லண்டனில் 1721-இல். முத்தாரம்மனிடம் அம்மை முத்து இறங்க வேண்டிக்கொண்ட வம்சத்தில் வந்த நமக்கு அந்தத் தாயின் பயம் என்ன என்று யாரும் விளக்கவேண்டாம். பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேச இடம் இருந்த ஊரில் இப்படிப்பட்ட கைவைத்தியம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சுலபமாகப் போகும் என்பது என் எண்ணம்.

சரி, இப்போ பணத்துக்கு வருவோம். நம்ம கூட்டத்தில் பணத்தைப் பேசாமல் எதைப் பேசுவது?

இவ்வளவு விறகு, இவ்வளவு தண்ணீர், இவ்வளவு ஆள்கூலி. ஹமாமை யார் நடத்தினார்கள்? பல ஊரில் அது ஒரு தருமத்தோடு கட்டிய சொத்து. முஸ்லிம் சகோதரிகளுக்கு வக்பு என்றால் தெரியும். பள்ளிவாசல், அன்னசாலை, மருத்துவமனை என்று ஒன்றைக் கட்டுகிறவர், அது நாளைக்கும் நடக்கவேண்டுமே என்று வருமானம் வருகிற ஒரு சொத்தையும் எழுதி வைப்பார். ஹமாம் அப்படிப்பட்ட சொத்து. குளிக்கிறவர் கொடுக்கிற காசு அந்தத் தருமத்துக்குப் போகும். இஸ்தான்புல்லில் செம்பர்லிதாஷ் ஹமாம் என்று ஒன்று இருக்கிறது. 1584-இல் கட்டியது. கட்டவைத்தவர் சுல்தானின் தாய் நூர்பானு. தான் வைத்த தருமங்களுக்கு வருமானம் வரவேண்டும் என்று ஒரு பெண் கட்டவைத்த குளியல் மண்டபம். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் அங்கே குளிக்கிறார்கள்.

ஆனால் இதையும் கேளுங்க. 19-ஆம் நூற்றாண்டில் பக்கத்து ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த ஹமாமின் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. எந்தப் பகுதி? பெண்கள் பக்கத்தில் துணி மாற்றுகிற கூடம். ஆண்கள் பக்கத்துக் கூடம் முழுசாக நின்றது. ரோடு அந்தப் பக்கமாகப் போனது, அதனால் வெட்டினார்கள் என்று காரணம் சொல்லலாம். இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டிலோ மார்க்கெட்டிலோ இடம் பற்றவில்லை என்றால் முதலில் எது கடையாக மாறுகிறது, எது சாமான் போடுகிற அறையாகப் பூட்டப்படுகிறது என்று நமக்குத் தெரியாதா?

நம்ம தேசத்துப் பக்கமும் ஹமாம் கட்டினார்கள். லாகூர் இப்போ பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே டில்லி வாசலுக்குள் நுழைந்ததும் ஷாஹி ஹம்மாம். ஷாஜகான் காலத்தில் லாகூருக்குக் கவர்னராக இருந்த வஸீர்கான் 1635-இல் கட்டியது. அவர் அடிப்படையில் ஒரு வைத்தியர். தான் கட்டிய பெரிய பள்ளிவாசலின் பராமரிப்புக்காகக் கடைகளோடு சேர்த்து இந்த ஹம்மாமையும் எழுதி வைத்தார். இருபத்தொரு அறை, சுவர் முழுக்க ஓவியம். மொகலாயர் ஆட்சி சரிந்ததும் அடுப்பு அணைந்தது. வருமானம் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் எதற்கெல்லாம் ஆனது தெரியுமா? பள்ளிக்கூடம், மருந்தகம், நகராட்சி ஆபீஸ். வெளிச்சுவரைக் குடைந்து கடைகள் முளைத்தன. ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன், சும்மா கிடக்கிற கட்டடத்தில் பள்ளிக்கூடம் நடந்தது நல்லதுதான்.

2013-க்குப் பிறகு அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். நார்வே நாடு பணம் கொடுத்தது, ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையும் லாகூர்ப் பழைய நகர ஆணையமும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். கடைகளை அகற்றித் தரையைத் தோண்டியபோது, அடியில் நான் முன்னே சொன்ன குட்டைத் தூண்களும் அனல் போகிற வழியும் சாக்கடை வழியும் வெளிப்பட்டன. அதை மறுபடி மூடாமல், பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அது ஒரு சின்ன மியூசியம். 2016-இல் யுனெஸ்கோ அமைப்பு அதற்கு ஒரு விருதும் கொடுத்தது. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1965 வரை ஜனங்கள் குளித்த துருக்கிக் காலத்து ஹமாம், இப்போ மியூசியம். சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம், குளிக்க முடியாது.

ஆக்ராவில் நடந்தது வேறு. தாஜ்மகால் ஊர்தான். அங்கே 1620-இல் அலிவர்திகான் கட்டியதாகச் சொல்லும் ஒரு ஹமாம், சீப்பிடோலா என்ற நெரிசலான பகுதியில் இருந்தது. உள்ளே குடும்பங்கள் குடியிருந்தன, கடைகள் இருந்தன. 2024 டிசம்பரில் இடிக்க ஆள் வந்துவிட்டது. ஒரு பக்கம் இடிந்தும் போனது. ஊர்க்காரர்கள் திரண்டு வந்து பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இடிக்காதே என்றார்கள். விஷயம் அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை போய், கட்டடத்துக்கு மேற்கொண்டு சேதம் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. நானூறு வருஷக் கட்டடம் கடைசி நாளில் தப்பியது கத்தின ஜனங்களால்தான்.

இன்னொரு இடம் சொல்லவேண்டும், அது நமக்கு உறவு. இலங்கையில் கண்டி. அங்கே கடைசியாக ஆண்ட ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பேர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி உறவுக்காரர். ராணிமாரும் நம்ம பக்கத்திலிருந்து போன பெண்கள்தான். கண்டி ஏரிக்கரையில் ராணிமார் குளிப்பதற்கென்று ஒரு மண்டபம் உண்டு. பாதிக்கு மேல் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும், வெள்ளைச் சுவர். 1815-இல் இங்கிலீஷ்காரன் கண்டியைப் பிடித்தான். ராஜாவையும் குடும்பத்தையும் வேலூருக்கு அனுப்பினான். 1832-இல் ராஜா அங்கேயே இறந்தார், பாலாற்றுப் பக்கம் முத்து மண்டபம் என்று இன்றைக்கும் நினைவிடம் இருக்கிறது. ராணிமார் குளித்த மண்டபம்? மேலே ஒரு மாடி எழுப்பி வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகளுக்கு நூலகம் ஆக்கினார்கள். பிற்பாடு போலீஸ்காரர் இருக்கும் இடமானது. ராணிமார் குடியிருந்த அரண்மனைப் பகுதிதான் இப்போ கண்டி தேசிய அருங்காட்சியகம். ஏரிக்கரையில் நிற்கிறவர்கள் "அழகா இருக்கே" என்று அந்த மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே குளித்த பெண்கள் தங்களுக்குள் தமிழ் பேசியிருப்பார்கள், பிறந்த ஊரை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

நம்ம ஊருக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் படித்துறைகள் இருந்தன. கல் படி, கல் மண்டபம், துணி துவைக்கிற கல். நெல்லையிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பார்த்திருப்பீர்கள். அழகுதான். ஆனால் எல்லாத் துறையிலும் எல்லோரும் இறங்கிவிட முடியாது என்ற காலமும் இருந்ததே, அதை விட்டுவிட்டு அழகை மட்டும் பேச நான் தயாரில்லை. துருக்கி ஹமாமிலும் முஸ்லிம், கிறிஸ்தவ, யூதப் பெண்கள் ஒரே மண்டபத்துக்கு வந்தார்கள். ஆனால் சில காலம் துண்டைத் தனியாக வை, மிதியடியைத் தனியாக வை என்று விதி போட்டதும் உண்டு. நாம் கட்டுகிற இடத்தில் ஒரே குழாய், ஒரே வாளி என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

உடன்குடி ஆற்றுக்கு எட்டாத ஊர். சடையனேரிக் கால்வாயில் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் கிணறுதான். கிணறும் உப்பேறிப்போன வளவுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நம்மில் பாதிப் பேர் பனையோலைத் தட்டி மறைவில், விடியுமுன்னே, ஒரு குடம் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள். விடிலி அடுப்பின் முன்னால் பகல் முழுக்க வெந்துவிட்டு, இருட்டின பிறகுதான் உடம்பில் தண்ணீர் பட்டது. நம்ம கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அதைக் காய்ச்சுகிற பெண்ணுக்குக் கதவு உள்ள குளியலறை கிடைத்ததா என்று ஒரு கணக்கெடுப்பு நாம் எடுத்தால் என்ன?

தசராக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். மாலை போட்ட பெண்கள், வேஷம் கட்டின பிள்ளைகளோடு வந்த தாய்மார், கிழவிகள். கடலில் முங்கி எழுந்தால் உப்பும் மணலும் ஒட்டின ஈரச் சேலை. நாலு பேர் சேலையை விரித்துப் பிடித்து நடுவில் ஒருத்தி துணி மாற்றுகிறாள். சேலையைப் பிடிக்கிறவள் கண் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது, யாராவது போனைத் தூக்குகிறானா என்று. மாதவிலக்கான பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் எங்கே போவாள்?

இந்தத் தீர்மானத்துக்கு எதிராக இரண்டு பேச்சு என் காதில் விழுந்தது. ஒன்று, "குளியலறை வாசல்ல உட்கார்ந்து காசு வாங்குற வேலையா? என் மகனுக்குப் பொண்ணு கொடுப்பாங்களா?" என்பது. தப்பாக நினைக்காதீங்க, அந்தக் கேள்வியில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. குளிப்பாட்டுகிற வேலை, கழுவுகிற வேலை என்றாலே குறைத்துப் பார்க்கிற ஊர் இது. அந்த நாத்தர் பெண்கள் கைத்தொழில்காரர்களாகத் தலை நிமிர்ந்து கூலி வாங்கினார்கள். வாசலில் உட்காருகிறவளும் கழுவுகிறவளும் மாறி மாறி வரட்டும், இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்று வையுங்கள். தலைவியும் ஒரு முறை கழுவட்டும். நான் வருகிறேன், எனக்கும் ஒரு நாள் எழுதுங்க.

இரண்டாவது பேச்சு, "இதெல்லாம் அரசாங்கம் இலவசமாகச் செய்யவேண்டியது, நாம ஏன்?" என்பது. செய்யவேண்டியதுதான். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இலவசமாகக் கட்டிவிட்டு, ஆள் போடாமல், தண்ணீர் விடாமல், ஆறு மாதத்தில் பூட்டுப் போட்ட அறைகளை நாம் பார்த்ததே இல்லையா? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஹமாம் கட்டினவர்களுக்குக் கட்டுவது பாதி வேலை, விறகு வாங்குவது மீதி வேலை என்று தெரிந்திருந்தது. அதனால் காசு வாங்கினார்கள், வாங்கின காசு எங்கே போகும் என்பதை எழுதி வைத்தார்கள். நாமும் கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் வயதானவர்களுக்கும் இலவசம், மற்றவர்களிடம் சின்னத் தொகை என்று வைக்கலாம். செலவு போக மீதி எதற்கு என்பதை இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும். வளவுகளில் குளியலறை இல்லாத உறுப்பினர் வீட்டுக்கு வட்டியில்லாக் கடன் என்பது என் யோசனை. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்க. எழுதாமல் விட்டால் அந்தப் பணம் மேடைக்கும் மைக் செட்டுக்கும் போய்விடும்.

கொத்தனார் கொடுத்த படம் பின்னால் மேசையில் இருக்கிறது, எல்லோரும் பாருங்க. அதில் வாசலை ரோட்டைப் பார்த்து நேராக வைத்திருக்கிறார், பக்கச் சுவரில் இரண்டு ஜன்னலும் போட்டிருக்கிறார். ஜன்னலை எடுத்துவிட்டு மேலே கண்ணாடி ஓடு போடச் சொல்லியிருக்கிறேன். வாசலுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர் கட்டி வழியை வளைக்கச் சொல்லியிருக்கிறேன். துணி மாற்றுகிற கூடத்தில் ஒரு நீளத் திண்ணை வேண்டும் என்பதை நீங்கள் சேர்த்துச் சொன்னால் அவர் கேட்பார், நான் ஒருத்தி சொன்னால் செலவு என்கிறார். திண்ணையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டு பேசட்டும்.

சாப்பாடு வந்துவிட்டது என்று பொருளாளர் கை காட்டுகிறார். அதற்கு முன்னால் கேள்வி இருந்தால் கேளுங்க. பின்வரிசையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நிற்கிற தங்கச்சி கை தூக்குகிறாள், அவளிடம் முதலில் மைக்கைக் கொடுங்க.